நின்ற கால் மறுபடியும் ஓடக் கூடாதா?

ஓம் சரவணபவ. 

போன வாரம் கோயில் புலனக் குழுவில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டோம். மழைக்காலத்தில் நின்றுபோன காலை ஓட்டத்தை மறுபடியும் தொடங்குகிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று. அவ்வளவுதான். வந்த பதிலில் பாதி கும்பிடு படம். மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீளப் பதிவு. யாருடைய பேரையும் இழுக்கப் போவதில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் போவதில்லை.

"கோயில் என்ன ஜிம்மா?"

இல்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. திருவிழா அன்றைக்கு சாமி தூக்க யார் வருகிறார்கள்? நாற்பது வயசு தம்பி இருபது அடி நடப்பதற்குள் "அண்ணே, மாத்திவிடுங்க" என்கிறார். அன்னதான அண்டாவை இறக்க ஆள் தேடி நாம் படுகிற பாடு அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். பால்குடம் எடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே அரை மணி நேரம் ஆகிறது.

2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது: இந்த நாட்டில் 18 வயது தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். பாதிப் பேருக்கு, அதாவது 50.1 விழுக்காட்டினருக்கு, எடை அதிகம். இன வாரியாகப் பார்த்தால் இனிப்புநீர் அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான். நம்மிடம்தான். கால் விரலை எடுத்தவர், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், இவர்கள் இல்லாத தெரு ஒன்றை சுங்கை பட்டாணியிலோ பாடாங் செராயிலோ காட்டுங்கள். அவர்களுக்காகக் கூட்டுப் பிரார்த்தனை வைக்கிறோம். நல்லது. அடுத்த ஆள் அந்த வரிசையில் சேராமல் இருக்க ஏதாவது செய்தால் மட்டும் அது ஜிம்மா?

உடம்பைச் சுமை என்று ஒதுக்காமல், இறைவன் குடியிருக்கும் இடமாகப் பார்த்தவர் திருமூலர். நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. விடியுமுன்னே எழுந்து, ஐந்நூறு மரம் வரை சீவி, பால் வாளியைச் சுமந்து வந்த பாட்டி தாத்தாவுக்கு ஓட்டப் பயிற்சி எதற்கு? பால்மரம் போய் செம்பனை வந்தது. லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். கடைக்குக்கூட மோட்டார்தான். உழைப்பு போய்விட்டது, அந்த உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஒரு தடவை நிறுத்தினவங்கதானே? இப்பவும் மூணு வாரம்தான்"

இதுதான் ரொம்பக் கோபப்படுத்திய பதில். ஏனென்றால் இது நம்மை மட்டும் சொல்லவில்லை. திரும்ப வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இருபது பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழை. அதற்கு நடுவில் தீபாவளி. சில வருசம் புகைமூட்டம். பிள்ளைகளுக்குத் தேர்வு, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். ஓடுகிற எவருக்கும் இடைவெளி வரும். வராது என்று சொல்கிறவர் ஓடியதே இல்லை.

கும்பாபிஷேகத்தை ஏன் பன்னிரண்டு வருசத்துக்கு ஒரு முறை செய்கிறோம்? வர்ணம் மங்கும், மருந்து விடும், கோபுரத்தில் செடி முளைக்கும் என்று தெரிந்துதான். "போன தடவை செய்த கும்பாபிஷேகம் நிக்கலையே, மறுபடி எதுக்கு?" என்று எவராவது கேட்டதுண்டா? கல்லுக்கே திருப்பணி வேண்டும் என்றால், சதைக்கு வேண்டாமா?

அறிவியலும் நம் பக்கம்தான். 1984இல் அமெரிக்காவில் எட்வர்ட் கோய்ல் குழுவினர், நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களை 84 நாள் நிறுத்தவைத்துப் பார்த்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முதல் 21 நாளில் 7 விழுக்காடு இறங்கியது. 56 நாளில் 16 விழுக்காடு. அதற்குப் பிறகு அங்கேயே நின்றுவிட்டது. 84 நாள் கழித்தும் அவர்கள், பயிற்சியே இல்லாதவர்களைவிட மேலேதான் இருந்தார்கள். வருசக்கணக்கில் சேர்த்தது மூன்று மாதத்தில் முழுசாகக் கரைந்துவிடாது.

"பொம்பளைங்க, வயசானவங்க எல்லாம் ரோட்டுல ஓடணுமா?"

1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர் மு. ராஜாமணி. அந்த வருசமே நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை. அதே போட்டியில் மூன்று தங்கம் எடுத்த மா. ஜெகதீசன், மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். அறுபது வருசத்துக்கு முன்பே நம் பெயர்கள் ஓடி முடித்துவிட்டன. இப்போது வந்து "என்ன நினைப்பாங்க" என்கிறோம்.

இனி திரும்பி வருகிறவர்களிடம். உங்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது.

நமக்கு எதையும் மொத்தமாகச் செய்துதான் பழக்கம். காவடிக்கு 48 நாள் கடும் விரதம். 49ஆம் நாள் எல்லாம் பழையபடி. ஓட்டத்திலும் அதே வேகம். முதல் நாளே பழைய ஐந்து கிலோமீட்டர், பழைய நேரம். நான்காம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும். "எனக்கு ஒத்துவரல" என்று போனவர் திரும்புவதே இல்லை. கேலி செய்தவர்களைவிட இந்த வீராப்புதான் அதிகம் பேரை வீட்டில் உட்கார வைக்கிறது.

காரணம் எளிது. மூச்சு சீக்கிரம் திரும்பும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் திரும்பும். மூச்சு "போ" என்னும்போது கால் இன்னும் தயாராக இருக்காது.

அதனால் இந்த முறை இப்படி:

• வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். அடுத்தடுத்த நாள் வேண்டாம்.
• முதல் இரண்டு வாரம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், நான்கு நிமிடம் நடை. அடுத்த இரண்டு வாரம்: இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு பார்க்கலாம்.
• ஓடும்போது கந்த சஷ்டி கவசத்தை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம்.
• ஒரு வாரம் விட்டுப்போனால் ஈடுகட்ட வேண்டாம். ஒரு படி கீழே இறங்கித் தொடருங்கள்.
• இனிப்புநீர், இரத்த அழுத்தம், நெஞ்சுவலி இருப்பவர்கள் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான். இனிப்புநீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு வராதீர்கள். முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

நடை கேவலம் என்று நினைப்பவர்களுக்கு: 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் கோ. சரவணன் தங்கம் வாங்கியது 50 கிலோமீட்டர் நடையில். நடந்தே வாங்கினார்.

நிர்வாகத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வெள்ளி, திங்கள், புதன் காலையில் பின்பக்க கேட்டையும் கழிப்பறையையும் ஆறரைக்குத் திறந்துவிடுங்கள். இங்கே ஞாயிறு வேலை நாள். ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது. தாமான் ரோட்டில் நாய்த் தொல்லையும் இருக்கிறது. கோயில் வளாகத்தில் விளக்கு இருந்தால் அக்காமார்களும் பயமில்லாமல் வருவார்கள். இரண்டு, தண்ணீர்ப் பந்தலில் சிரப் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு பானை வெறும் தண்ணீரும் வையுங்கள். செலவு எதுவும் இல்லை.

பூஜை நேரத்துக்கு இடைஞ்சல் வராது. ஏழேகாலுக்கு முடித்து, கை கால் கழுவி, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவோம்.

கேலி பண்ணினவர்களும் வரலாம். ஓட வேண்டாம், நடங்கள். மூன்று வாரத்தில் நின்றுபோகும் என்று சொன்னீர்கள் அல்லவா? நாலாவது வாரம் கூட வந்து எண்ணிப் பாருங்கள். அதற்கு நடுவில் ஒரு வாரம் மழை வந்தால், அடுத்த வாரமும் அதே கேட்டில்தான் நிற்போம்.

வேலும் மயிலும் துணை.