கொடி மாறினாலும் கடன் மாறாது

பென்ஷன் பேச்சு வந்தால் ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்துவிடுவோம், "அதற்கு இன்னும் எத்தனை வருஷம் கிடக்கு" என்று. வீட்டில் பென்ஷன் எடுக்கும் எங்கள் வாப்பாமாரைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு வராது. 2022 இல் அவர்களுக்கு ஒரு ரூபாவும் குறையவில்லை. ஆனால் அந்தக் காசுக்குக் கிடைத்த மருந்தும் மாவும் குறைந்து போனது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1947 நவம்பர் 11 ஆம் திகதி, சுதந்திரத்துக்கு மூன்று மாதம் இருக்கையில், பிரித்தானியாவும் இலங்கையும் மூன்று ஒப்பந்தங்களில் கைச்சாத்திட்டன. ஒன்று பாதுகாப்பு, ஒன்று வெளியுறவு, மூன்றாவது அரச உத்தியோகத்தர் பற்றியது. ஆட்சி கைமாறினாலும் அவர்களின் சேவை நிபந்தனையும் ஓய்வூதியமும் குறையக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஹொங்கொங்கில் இன்னும் கவனம். 1984 ஆம் ஆண்டுக் கூட்டுப் பிரகடனமும் பின்னர் அடிப்படைச் சட்டத்தின் 102 ஆம் உறுப்புரையும், 1997 க்கு முன் ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, எந்த நாட்டவராயினும் எங்கு வசித்தாலும் முன்னையதை விடக் குறையாத பென்ஷன் கொடுக்கச் சொல்லின. 1995 இல் அதற்கென ஒதுக்கு நிதியமும் அமைத்தார்கள். ஹொங்கொங் டொலரின் பவுண் பெறுமதி குறித்த மட்டத்துக்குக் கீழே விழுந்தால், தன் வெளிநாட்டுச் சேவை அதிகாரிகளுக்குக் குறையை நிரப்ப பிரித்தானியா ஏற்றுக்கொண்டது.

எழுத்து, நிதியம், பெறுமதி. மூன்று பூட்டு. எங்களிடம் இருப்பது முதலாவது மட்டும். எங்கள் பென்ஷனுக்குத் தனி நிதியம் இல்லை, வருடா வருடம் அரச வருமானத்தில் இருந்துதான் வருகிறது. ரூபா விழுந்தால் தாங்குவதற்கும் யாருமில்லை.

"மீன்பிடிக்கிறவருக்கும் கூலி வேலை செய்கிறவருக்கும் பென்ஷன் உண்டா? அவர்களின் வரியில்தானே உங்களுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கும் வேண்டும் என்பதே எங்கள் பதில், எங்களுடையதைப் பறிப்பது அல்ல. பென்ஷன் சலுகையல்ல, பிறகு தருவதாகச் சொல்லிப் பிடித்து வைத்த சம்பளம். அது ஓர் அமானிதம்.

ஆகவே ஆசிரியர்களே, இன்றிரவு நியமனக் கடிதத்தை எடுத்து பென்ஷன் பற்றிய வரியை ஒருமுறை வாசியுங்கள். சம்பள உயர்வு கேட்கும்போது நிதியத்தையும் பெறுமதியையும் சேர்த்துக் கேட்போம். அன்றைய அதிகாரிகள் கொடி இறங்குவதற்கு முன்பே கேட்டார்கள், அதனால்தான் கிடைத்தது.