உறவுக்குச் சலுகை, நட்புக்கு வரி!



மருத்துவமனை வாயிலிலே ஒரு காட்சி. மேடைக்காக நான் புனைந்த காட்சிதான். எனினும் நம் ஊர்களிலே நாம் காணாத காட்சியன்று.

உள்ளே, படுக்கையில் ஓர் ஆலைத் தொழிலாளி. சிறுநீரகம் பழுது. வெளியே, வேப்பமரத்தடியில் அறுபது தோழர்கள். ஆளுக்கு 1,000 ரூபாய். ஒருவன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தான். ஒருவன் பண்டிகைக்கெனச் சேர்த்ததை எடுத்தான். இன்னொருவன் கடன் வாங்கிக் கொடுத்தான். கடன் என்று சொல்லாமலே கொடுத்தான். துண்டிலே முடிந்த 60,000 ரூபாய் நோயாளியின் கையிலே வைக்கப்படுகிறது. அவன் நா பேசவில்லை, கண்கள் பேசுகின்றன.

அந்த வேளையில் ஒரு குரல் கேட்கிறது: “இது உன் வருமானம்!”

வட்டிக்கடைக்காரன் குரலா? அன்று, சட்டத்தின் குரல்!

நான் சட்டம் பயின்றவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனாலும் ஏழையைத் தொடும் சட்டத்தை ஏழையின் தோழன் படித்தறியாமல் இருக்கலாகாது. படித்தேன், திகைத்தேன்.

ஓராண்டில் உறவினரல்லாதார் பலரும் தரும் பணம், கூட்டிப் பார்க்கையில், 50,000 ரூபாய்க்கு மேற்படாதவரை வரியில்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும், ஏறிய அந்த ஒரு ரூபாய் மட்டுமன்று, முழுத்தொகையுமே வருமானத்தோடு சேர்க்கப்படும். நம் தொழிலாளி பெற்ற 60,000 ரூபாயில் 10,000 அன்று, 60,000 ரூபாயும் கணக்கில் ஏறும். அவனது மொத்த வருமானம் வரிவரம்பைத் தாண்டுமாயின், நண்பர்களின் கண்ணீருக்கும் அவன் வரி கட்டவேண்டும்.

தந்தை கொடுத்தால்? வரியில்லை. கோடி கொடுத்தாலும் இல்லை! கணவன், மனைவி, உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார், பாட்டன், பேரன் — இவர்கள் கொடுத்தால் எல்லையே இல்லை. திருமணத்தின்போது வரும் பரிசுக்கும் விலக்கு. உயில் வழியே வந்தாலும் விலக்கு. சித்தப்பன் உறவினன், ஆனால் சித்தப்பன் மகன் சட்டத்தின் கண்ணுக்கு அயலான்! நண்பனோ, கேட்கவே வேண்டாம்.

பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் சோழ வேந்தன் கோப்பெருஞ்சோழனும் நேரில் கண்டு பழகியவரல்லர். வேந்தன் வடக்கிருந்தபோது, தேடி வந்து உடனிருந்து உயிர் நீத்தார் புலவர். உயிரையே கொடுத்த அந்த நட்புக்கு இந்தச் சட்டத்தின் உறவுப் பட்டியலிலே இடமில்லை. தமிழன் இலக்கியமாக்கிப் போற்றிய உறவைத் தில்லியின் ஏடு அறியவில்லை!

இந்த வரி வந்த கதையைக் கேளுங்கள். 1958 இல், நிதிப்பொறுப்பையும் தாங்கியிருந்த பிரதமர் நேரு, கொடைவரியைக் கொண்டுவந்தார். அதனைக் கட்டவேண்டியவர் கொடுத்தவர், பெற்றவர் அல்லர். 1998 அக்டோபரில் அந்த வரி ஒழிந்தது. ஒழிந்ததும் உண்டானது ஓட்டை. கறுப்புப் பணமெல்லாம் அன்பளிப்பு என்னும் வெள்ளாடை போர்த்தி ஊர்வலம் வர வழி பிறந்தது. ஆகவே 2004 செப்டம்பர் முதல் பெற்றவர்மீது வரி பாய்ந்தது. முதலில் 25,000 ரூபாய் எல்லை. 2006 முதல் 50,000. அன்று நட்ட எல்லைக்கல் அசையவே இல்லை. மருத்துவமனைக் கட்டணம் மட்டும் மலையேறிவிட்டது!

ஓட்டையை அடைத்தது தவறா? அன்று. அடைத்த முறைதான் தவறு. கொடுத்தவன் யார் என்று கேட்கிறது சட்டம்; எதற்காகக் கொடுத்தான் என்று கேட்க மறந்தது.

கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவிலே டூபர்ஸ்டைன் என்றொரு வணிகர். பெர்மன் என்னும் மற்றொரு வணிகருக்கு வாடிக்கையாளர் சிலரின் பெயர்களைச் சொல்லி உதவினார். 1951 இல் பெர்மன் ஒரு காடிலாக் காரைப் பரிசளித்தார். “எனக்கெதற்கு? என்னிடம் ஏற்கெனவே ஒரு காடிலாக்கும் ஓர் ஓல்ட்ஸ்மொபீலும் உள்ளனவே” என்ற பொருள்படச் சொன்னார் டூபர்ஸ்டைன், சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். அன்பளிப்பு என்று கருதி வரிக்கணக்கில் காட்டவில்லை. பெர்மனின் நிறுவனமோ, காரின் விலையைத் தொழிற்செலவு என்று தன் கணக்கிலே கழித்திருந்தது! ஒரு கணக்கில் அன்பு. மறு கணக்கில் செலவு! வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. 1960 இல் தீர்ப்பு வந்தது: பற்றற்ற, கைம்மாறு கருதாத ஈகையே அன்பளிப்பு, செய்த உதவிக்குக் கூலியாகவோ, செய்யப்போகும் உதவிக்குத் தூண்டிலாகவோ வருவது வருமானம். கார் வருமானமாயிற்று.

இங்கே நிலை என்ன? வரிக்குரிய பொருள்களின் பட்டியலிலே பணம் உண்டு. நிலம், வீடு உண்டு. பங்கு, நகை, ஓவியம், சிற்பம் உண்டு. மோட்டார் கார் இல்லை! தொழில்வழி வந்த நன்மை என்றால் வேறு விதி பாயும். நட்பு என்று நிலைநாட்டிவிட்டாலோ, செல்வன் நண்பனிடம் கார் பெறலாம்; நண்பன் வாங்கித்தந்த சீட்டிலே கடல்கடந்து உலா வரலாம்; விடுதிக் கட்டணத்தையும் அவனே செலுத்தலாம். அந்தப் பட்டியல் அவனைத் தீண்டாது. அறுவைச் சிகிச்சைக்கு அறுபதினாயிரம் பெற்றவனைத் தீண்டும்!

ஆட்சியாளருக்கு இது தெரியாதா? தெரியும் என்பதற்கு அவர்களே சான்று தந்தனர். கொரோனா பெருந்தொற்றிலே நாடு மூச்சுத் திணறியபோது, அந்நோயின் சிகிச்சைக்காக யார் பணம் கொடுத்தாலும் வரியில்லை என்று 2021 ஜூனில் அறிவித்தனர். 2022 நிதிச் சட்டத்தில் எழுதினர். அந்நோயால் மாண்டவரின் குடும்பத்துக்குப் பிறர் தரும் உதவிக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை விலக்களித்தனர். நன்று செய்தனர், பாராட்டுவோம். கேட்பதும் கேட்போம்: கொரோனா நோயாளிக்கு நீண்ட கை நட்பின் கை என்றால், புற்றுநோயாளிக்கு நீளும் கை எதன் கை? நுரையீரலுக்கு இரங்கிய சட்டம் சிறுநீரகத்துக்கு இரங்கலாகாதா?

கோரிக்கை இதுதான். எந்தக் கொடிய நோயின் சிகிச்சைக்கு வரும் உதவியாயினும், சான்று காட்டினால் விலக்களியுங்கள். எல்லையை உயர்த்துங்கள், எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி போடுங்கள். அங்கே இழக்கும் வரியை, காரிலும் களியாட்டப் பயணத்திலும் கண்டெடுங்கள்.

இறுதியாக ஒரு சொல், இது நமக்கு. பதவி ஏறியபின் நம்மைத் தேடிவரும் நண்பர்களும் உண்டு. பொன்னாடைக்குள்ளே பொட்டலம் இருக்கும். அதனை நட்பு என்று அழைக்கும் ஆசை எவருக்கும் எழும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பதவி போன மறுநாளும் இந்தப் பரிசு வருமா? வராது என்று நெஞ்சம் சொன்னால், அது அன்பளிப்பன்று, விலை. அதற்கு வரி கட்டினாலும் கறை போகாது. திருப்பியனுப்பி விடுங்கள்!

வேப்பமரத்தடியில் நின்ற அறுபது பேர் எதையும் எதிர்பார்த்தவரல்லர். தோழன் பிழைத்து எழவேண்டும் என்பதைத் தவிர. அவர்களுக்காக வாதாடும் தகுதி, விலைக்கு வந்த பரிசைத் தொடாத கைகளுக்கே உண்டு.