இன்சூரன்ஸ் பணத்துக்கு எத்தனை நாள் நடப்பது? கெடு 15 நாள்தான்!

புதுவை,

வீட்டுக்காரர் போய்விட்டார். 16-ம் நாள் காரியமும் முடிந்தது. பீரோவில் பாலிசி பத்திரம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனால், "இன்னும் ஒரு பேப்பர் வேணும்மா, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரம் வேறொரு பேப்பர்!

ஆனால், சட்டம் நாள் கணக்கு வைத்திருக்கிறது. 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி, விசாரணை தேவைப்படாத மரணக் கிளைமை 15 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை உண்டென்றால் 45 நாள். தாண்டினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். மனு கொடுத்த அன்றே தேதி முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் நாளை எண்ணவே முடியாது.

பெயரில் சிக்கல்

புதுவைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. பெயர்களில் மட்டும் பிரெஞ்சு எழுத்து இன்னும் போகவில்லை. பழைய பதிவேட்டில் பிரெஞ்சு மாதிரி, பாலிசியில் இங்கிலீஷ் மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. ஆசாமி ஒருவர்தான், பேப்பரில் 3 பேர்! ஆள் இருக்கும்போதே திருத்திக்கொண்டால் ஒரு மனுவோடு போகும். அப்புறம் என்றால் அபிடவிட்டு, தாலுகா ஆபீஸ் என்று அலைய வேண்டியதுதான்.

இறப்புச் சான்றிதழிலும் ஒரு விஷயம். இறந்த இடத்து நகராட்சிதான் அதைத் தரும். முத்தியால்பேட்டைக்காரர் ஜிப்மரில் இறந்தால், போகவேண்டியது உழவர்கரை நகராட்சிக்கு.

மாமியார் - மருமகள் வழக்கு

நாமினி பெயரே இல்லையென்றால், வாரிசுகள் கோர்ட்டு வரை போக நேரிடும். நாமினி இருந்தாலும் சண்டை வருவதுண்டு. 1972-ல் இறந்த ஒருவர், தலா ரூ.10 ஆயிரத்துக்கு 2 பாலிசி வைத்திருந்தார். நாமினி மனைவி. தாயார் பங்கு கேட்டார். சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: நாமினி பணத்தை வாங்கும் கைதான், பணம் வாரிசுகளுக்கு! 20 ஆயிரம் ரூபாய்க்கு 11 வருஷம்.

2015 சட்டத் திருத்தம் இதை மாற்றியது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்றது. அப்படியும் குடும்பங்கள் கோர்ட்டுப் படி ஏறுவது நிற்கவில்லை.

பாலிசி எடுத்து 3 வருஷத்துக்குள் சாவு என்றால் துருவுவார்கள். "சர்க்கரை வியாதியெல்லாம் எழுத வேணாம் சார்" என்று ஏஜெண்டு சொன்னது இங்கேதான் உதைக்கும். 3 வருஷம் தாண்டினால், இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பணம் கட்டாமல் விட்டுப் புதுப்பித்திருந்தால், புதுப்பித்த நாளிலிருந்து கணக்கு!

சென்னையில் புகார்

இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1 மாதத்தில் பதில் இல்லையா? இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 2023-ல் அவரது வரம்பு ரூ.50 லட்சமாக உயர்ந்தது.

புதுவை, காரைக்கால்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். மாகேக்கு கொச்சி, ஏனாமுக்கு ஐதராபாத். ஒரே யூனியன் பிரதேசம், 3 ஊர்! கம்பெனி கைவிரித்த 1 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அதே விவகாரம் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் அங்கே எடுக்கமாட்டார்கள்.