உலகத் திரைப்படமும் குப்பத்துப் பார்வையாளரும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே நுழைந்து நிற்கும் ஊர் குப்பம். சென்னை – பெங்களூரு ரயில் பாதையில் ஜோலார்பேட்டையைக் கடந்தவுடன் வரும் இவ்வூரில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைவீதியில் புழங்குகின்றன. என்.டி.ராமராவ், எம்.ஜி.ஆர்., ராஜ்குமார் ஆகிய மூவரின் திரை ஆளுகைகளும் சந்தித்த எல்லை இது. இத்தகைய ஊரில் விட்டோரியோ டி சிகாவின் படத்தையும் ரித்விக் கட்டக்கின் படத்தையும் யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், படித்தவர்களில் பலர் சிரிப்பார்கள். இயக்கத் தோழர்களிலும் சிலர் சிரிக்கக்கூடும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அதைத் தெளிவாக எழுதி வைத்தவர் சிதானந்த தாஸ்குப்தா.

இந்தியத் திரைப்பட விமர்சனத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1947இல் சத்யஜித் ராயுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் போட்டெம்கின்’ படத்தைத் திரையிட்டு அச்சங்கம் தன் பணியைத் தொடங்கியது. 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது அதன் தூண்களில் ஒருவராக இருந்தார். இத்தாலிய நவயதார்த்தம், பிரெஞ்சுப் புதிய அலை, ஜப்பானியத் திரைப்படம் ஆகியவற்றை இந்திய நடுத்தர வர்க்கத்தின் ஒரு தலைமுறை அறிந்துகொண்டது இச்சங்கங்களின் வழியாகத்தான். இந்தப் பங்களிப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அவருடைய கருத்துகளில் ஒன்று விவாதத்துக்குரியது. 1991இல் வெளிவந்த ‘வண்ணம் பூசிய முகம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில், வெகுமக்கள் திரைப்படத்தைப் பார்க்கும் முறையை அவர் ஆராய்ந்தார். தொழில்மயமாகாத சமூகத்திலிருந்து வந்த பார்வையாளர், ஒளிப்படக் கருவி காட்டுவதை உண்மையென்றே ஏற்றுக்கொள்கிறார்; திரையில் கிருஷ்ணனாகத் தோன்றியவர் அவர் மனத்தில் கிருஷ்ணனாகவே நிலைக்கிறார்; நடிகர் முதலமைச்சரானதற்கு இதுவே அடிப்படை என்பது அவர் வாதத்தின் சாரம். கலைத் திரைப்படமோ பகுத்தறிவும் நவீன மனமும் கொண்டோருக்கு உரியது. அத்தகைய மனம் பரவும்வரை அது சிறுபான்மையினரின் கலையாகவே இருக்கும் என்ற முடிவு இதிலிருந்து தானாகவே பிறக்கிறது.

வாக்குப்பெட்டி சொன்ன விடை

இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஆந்திரத்தை விடப் பொருத்தமான களம் இல்லை. என்.டி.ராமராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். காண்பதெல்லாம் நம்பும் மக்களே அவரை அரியணையில் ஏற்றினார்கள் என்றால், அதே மக்கள் 1989இல் அவரை ஏன் இறக்கினார்கள்? அந்தத் தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. கல்வகுர்த்தித் தொகுதியில் அவரே தோற்றார். கிருஷ்ணனுக்கு எதிராக வாக்களிப்பதில் கல்வகுர்த்தியின் விவசாயிக்கு எந்த மனத்தடையும் இருக்கவில்லை. 1995இல் அவரைப் பதவியிலிருந்து அகற்றியதும் மக்கள் அல்லர். அவருடைய சொந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள். அவருக்குப் பின் முதல்வரான சந்திரபாபு நாயுடு, 1989 முதல் குப்பத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துபவர். அவர் திரையில் வண்ணம் பூசியவரல்லர். கட்சி எந்திரமும் நிர்வாகமும் மூலதனத்தின் நம்பிக்கையும்தான் அவருடைய பலம்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 1977இல் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆரின் கட்சி, 1980 நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டே இடங்களில் வென்றது. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. திரையில் மயங்கிக் கிடக்கும் கூட்டம் இப்படி ஓராண்டில் இருமுறை கணக்குப் போட்டு வாக்களிக்காது. எம்.ஜி.ஆர். பிம்பத்தை 1992இல் ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியன், அப்பிம்பத்தின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் அது அடித்தள மக்களின் சொந்த வீரக்கதை மரபிலிருந்தும், அவர்கள் அன்றாடம் பட்ட அவமானத்திலிருந்தும் கட்டப்பட்டது என்று காட்டினார். வெகுமக்கள் திரைப்படத்தில் மக்கள் தேடியது தங்கள் மானம். அது பொய்யான வடிவில் விற்கப்பட்டது என்பது சரக்கை விற்றவரின் குற்றம்; வாங்கியவரின் அறிவுக்குறை அன்று.

ஆகவே தாஸ்குப்தாவின் ரசனை பெரும்பாலும் சரியானது. மக்களைப் பற்றிய மதிப்பீடு தவறானது. உலகத் திரைப்படத்துக்கும் உழைப்பாளிக்கும் இடையே நிற்பது அவர் மனத்தின் பின்தங்கிய நிலை அன்று. அங்கே நிற்பவை இரண்டு: ஒன்று திரையரங்குகளின் மீதான வணிக ஏகபோகம், மற்றொன்று மொழி. முதலாவதைப் பற்றி இடதுசாரிகள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை.

மொழி என்னும் சுவர்

லுச்சினோ விஸ்கோந்தி 1948இல் இயக்கிய ‘பூமி அதிர்கிறது’ படத்தை எடுத்துக்கொள்வோம். சிசிலித் தீவின் மீனவக் கிராமமான ஆச்சி திரெத்சாவில், அவ்வூர் மீனவர்களையே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது அது. மீன் மொத்த வியாபாரிகளின் சுரண்டலிலிருந்து விடுபட ஒரு குடும்பம் தன் வீட்டை அடகு வைத்துத் தனித்து முயன்று தோற்கும் கதை. தனித்துப் போராடுவதன் எல்லையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படங்கள் குறைவு. தொடக்கத்தில் அதற்கு நிதி தந்தது இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி. மீனவர்கள் தங்கள் வட்டார மொழியிலேயே பேசினார்கள். சிசிலியில் இத்தாலியம் ஏழைகளின் மொழி அன்று என்பதைப் படமே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது. விளைவு, இத்தாலியின் பிற பகுதி மக்களுக்கே அது விளங்கவில்லை. இத்தாலிய மொழியில் விளக்கக் குரலைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஓர் இத்தாலியப் படத்துக்கு இத்தாலியிலேயே மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. ஆனால் அதே படத்தை ஆங்கில வசன வரிகளுடன் பார்க்கத் தெரியாதவரை, ரசனையற்றவர் என்று நம்மூரில் தீர்ப்பளிக்கிறார்கள். இந்தியாவில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாக்களில் வெளிநாட்டுப் படங்களுக்குக் கிடைப்பது ஆங்கில வரிகளே. ஆகவே ‘கலைப்பட ரசிகர்’ என்று அடையாளம் காணப்படுபவர் பெரும்பாலும் ஆங்கிலத்தை விரைந்து வாசிக்கத் தெரிந்தவரே. வர்க்கத்தின் வேலியை ரசனையின் வேலி என்று மயங்கிக் கொள்வது இங்கேதான் நிகழ்கிறது.

இதற்கு மாறான அனுபவமும் வரலாற்றில் உண்டு. க.அ.அப்பாஸ் 1935 முதல் ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழில் பணியாற்றியவர். திரைப்பட விமர்சகராகப் பெயர் பெற்றவர். அவர் கதை எழுதி, ராஜ் கபூர் இயக்கிய ‘ஆவாரா’ 1954இல் சோவியத் ஒன்றியத்தில் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டுத் திரையிடப்பட்டது. 6 கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். இந்தியாவைப் பற்றி ஏதும் அறியாத தொழிலாளியும் கூட்டுப்பண்ணை விவசாயியும் அப்படத்தை ஏற்றார்கள் என்றால், ஓர் அரசு அதை அவர்கள் மொழியில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதே முதற்காரணம். எதிர்த்திசையில், 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிச் சென்னை, டெல்லி, கல்கத்தா என்று பயணம் செய்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ வந்தது. ரோம் நகரத்து வேலையற்றவனின் சைக்கிள், கல்கத்தாவின் ரிக்‌ஷாவாக மாறியது. அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான்.

எல்லை தாண்டிய படங்கள்

தென்னிந்தியாவின் இடதுசாரித் திரைப்பட வரலாறே மொழி எல்லைகளைத் தாண்டியவர்களின் வரலாறு. தேசப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ என்ற வங்கப் படத்தை எடுத்த நிமாய் கோஷ், சென்னையில் குடியேறினார். திரைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் பங்கேற்றார். 1960இல் தமிழில் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார். ஆந்திர மண்ணில், பிரேம்சந்தின் இந்துஸ்தானிக் கதையை வங்காளியான மிருணாள் சென் 1977இல் ‘ஒக ஊரி கதா’ என்று தெலுங்கில் படமாக்கினார். உழைத்தும் மிஞ்சுவது ஏதுமில்லை என்பதால் உழைக்கவே மறுக்கும் இருவரின் கதை அது. கிருஷண் சந்தரின் உருது நாவலைத் தழுவி, இன்னொரு வங்காளியான கௌதம் கோஷ் தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைப் பற்றி ‘மா பூமி’ என்ற தெலுங்குப் படத்தை 1979இல் உருவாக்கினார். மூன்று மொழிகள் ஒரு படத்தில் சந்தித்தன. மக்கள் பாடகர் கத்தார் அதில் தோன்றினார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்து, ஊர் ஊராகவே திரையிட்டார்கள். ஒடேசா என்ற பெயரே ‘போட்டெம்கின்’ படத்தின் புகழ்பெற்ற படிக்கட்டுக் காட்சியை நினைவூட்டுவது. கல்கத்தாவில் உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்ட படம், கேரளத்தில் கிராமத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

‘நீ’யும் ‘நீங்க’ளும்

இன்றைய பணி என்ன? உலகின் சிறந்த படங்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வசன வரிகளை உருவாக்குவது. கேரளத்தில் 2012இல் தொடங்கிய ‘எம்சோன்’ என்ற தன்னார்வக் குழு ஆயிரக்கணக்கான படங்களுக்கு மலையாள வரிகளை எழுதிவிட்டது. ஊதியம் பெறாத இளைஞர்கள் செய்த வேலை அது. எனவே முடியுமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

எப்படிச் செய்வது என்ற கேள்வி மட்டுமே எஞ்சுகிறது. ஆங்கில வரிகளைப் பார்த்து அப்படியே தமிழாக்கினால் போதாது. இத்தாலியம், பிரெஞ்சு, ரஷ்யம், பாரசீகம், வங்கம் ஆகிய மொழிகளில் ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லாக்கி விடுகிறது. மேற்பார்வையாளர் தொழிலாளியை எப்படி விளித்தார், தொழிலாளி எந்தக் கணத்தில் ‘நீங்கள்’ என்பதைக் கைவிட்டார் என்பது ஆங்கில வரிகளில் காணாமல் போகிறது. பல படங்களில் வர்க்கப் போராட்டம் நடப்பதே அந்த ஒரு சொல்லில்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அதை முழுமையாக மீட்டுத் தரவல்லவை. இந்த இடத்தில் நம் மொழிகள் ஆங்கிலத்தை விட உலகத் திரைப்படத்துக்கு நெருக்கமானவை. மூல மொழி அறிந்தவர் ஒருவரேனும் குழுவில் இருப்பது இதனால் இன்றியமையாதது. திரையில் இரண்டு வரிகளுக்கு மேல் இடமில்லை. தமிழ் வினைச்சொற்களோ நீளமானவை. சுருங்கச் சொல்லும் பயிற்சி வேண்டும். மேடைத் தமிழ் அங்கே உதவாது.

இப்பணிக்குக் குப்பம் பொருத்தமான இடம். திராவிட மொழிகளை ஒருங்கே வளர்ப்பதற்கென்று 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. மூன்று மொழிகளையும் வீட்டிலும் சந்தையிலும் பேசிப் பழகிய இளைஞர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அருகிலுள்ள கோலார் தங்கவயலில் செங்கொடியின் கீழ்ப் போராடிய தமிழ்ச் சுரங்கத் தொழிலாளரின் மரபும் உண்டு. அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பின்னர் அவ்வூரின் பெயரைத் தாங்கி வந்த வணிகப் படம் இந்தியா முழுவதும் ஓடியது. அதில் ஒற்றை நாயகன் உண்டு, சங்கம் இல்லை. தங்கவயல் தொழிலாளியின் பேரனுக்கு ஆச்சி திரெத்சா மீனவரின் கதையைக் காட்டினால், அவருக்கு அது விளங்காது என்று எந்த விமர்சகரால் சொல்ல முடியும்?

சட்டத் தடைகளைக் காட்டித் தயங்குவோரும் உண்டு. இந்தியாவில் திரைப்படத்துக்கான காப்புரிமைக் காலம் 60 ஆண்டுகள். பழைய செவ்வியல் படங்கள் பலவற்றின் காலம் முடிந்துவிட்டது. தணிக்கை, உரிமம் பற்றிய விதிகளை வழக்கறிஞர் தோழர்களைக் கொண்டு முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு வெள்ளைத் துணி, ஒரு ஒளிவீழ்த்தி, சங்க அலுவலகத்தின் கூடம் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். படம் முடிந்தபின் அரைமணி நேரம் விவாதத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்த விவாதத்தில் பேச்சாளர் குறைவாகவும் பார்வையாளர் அதிகமாகவும் பேச வேண்டும்.

தாஸ்குப்தாவின் தலைமுறை உலகத் திரைப்படத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலம் அறிந்தவர்களின் வாசலில் இறக்கி வைத்தது. அங்கிருந்து அதை எடுத்துச் செல்வது பண்பாட்டு அமைப்புகளின் கடமை. மாவட்டக் குழுக்கள் இவ்வாண்டுத் திட்டத்தில் ஐந்து படங்களையேனும் தேர்ந்தெடுத்து, மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்து, வேலையைத் தொடங்கட்டும். குப்பத்துப் பார்வையாளர் தயாராக இருக்கிறாரா என்ற கேள்வியை அதன்பின் அவரிடமே கேட்கலாம்.