பாதிரியார் மிதித்த பாட்டு

1993-ம் ஆண்டு. ஜூன் மாதம். அமெரிக்காவில், நியூயார்க் நகரம்.

ஹார்லம் என்பது அந்த நகரில் கறுப்பு மக்கள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு தெருவில் பெருங்கூட்டம் கூடி நின்றது. நடுவில் ஒரு ரோடு ரோலர்!

ரோடு போடுவதற்காக அது வரவில்லை. பாட்டை நசுக்க வந்தது!

பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் தயாராக இருந்தன. எல்லாம் "ராப்" பாட்டுகள். ரோலரை வரவழைத்தவர் பாதிரியார் கால்வின் பட்ஸ். 1808-ல் தோன்றிய புகழ்பெற்ற அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தின் தலைமைப் போதகர் அவர்.

"இந்தப் பாட்டுகள் பெண்களை இழிவு செய்கின்றன. துப்பாக்கியைப் புகழ்கின்றன" என்பது அவருடைய குற்றச்சாட்டு. ராப் முழுவதும் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆபாசத்தைத்தான் எதிர்த்தார்.

ஆனால் ராப் பாட்டின் ஆதரவாளர்களும் அங்கே வந்துவிட்டார்கள். ரோலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். என்ஜின் நகரவில்லை. பாதிரியாரும் அவருடன் வந்தவர்களும் இசைத்தட்டுகளைக் காலால் மிதித்தார்கள். மீதியை ஒரு பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

பட்ஸ் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் ஹார்லத்தில் போதை மருந்தும் துப்பாக்கியும் வாலிபர்களைக் கொள்ளை கொண்டு போயின. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆலயத்துக்கு வந்து அழுகிற தாய்க்கு, துப்பாக்கியைப் புகழும் பாட்டு எப்படி இனிக்கும்?

ஆனால் அந்தப் பாட்டுக்குள் பிரார்த்தனையும் இருந்தது.

பிறந்த கதை

ஹார்லத்துக்கு ஆற்றின் அக்கரையில் இருப்பது பிராங்க்ஸ். 1973-ல் அது ஏழைகளின் இருப்பிடம். அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, அங்கே ஓர் அடுக்கு மாடி வீட்டில் ஒரு பெண் விருந்து நடத்தினாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். விருந்துக்குக் கட்டணம்: பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட்.

இசைத்தட்டு போட்டவன் அவளுடைய அண்ணன். ஜமைக்காவிலிருந்து வந்தவன். வயது 18. ஊரில் அவனுக்குப் பெயர் கூல் ஹெர்க். பாட்டில் கொட்டு மட்டும் தனியே வரும் இடம் உண்டு அல்லவா? அதை இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தான். அந்தத் தாளத்தின் மேல் ஒலிபெருக்கியில் பேச்சு ஏறியது. பேச்சில் எதுகை ஏறியது. இதுதான் ராப். இந்த ஆட்டமும் பாட்டும் சேர்ந்த கலைக்கு "ஹிப் ஹாப்" என்று பெயர்.

தாளத்தோடு பேசுவது கறுப்பு மக்களுக்குப் புதிது அல்ல. அவர்களுடைய ஆலயங்களில் போதகர் மெதுவாகத்தான் பேச ஆரம்பிப்பார். போகப் போகக் குரல் உயரும். பேச்சு தாளத்தில் விழும். சபையார் இடையிடையே குரல் கொடுப்பார்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவதைப் போல! ராப் பாடகர் கையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், கூட்டம் பதில் முழங்குவதும் இந்த வழியில் வந்தவையே.

முன்பும் இதே சண்டை

ஆலயத்துக்கும் தெருப்பாட்டுக்கும் சண்டை வந்தது இது முதல் தடவையும் அல்ல.

தாமஸ் டார்சி என்பவர் ஒரு போதகரின் மகன். ஆனால் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்தார். "புளூஸ்" என்ற சோகப்பாட்டுகள்தான் பிழைப்பு. 1932-ல் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தாள். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தில் ஒரு தேவகீதம் எழுதினார். சொல் கடவுளுடையது, பாணி தெருவுடையது. இவரைப் போன்றவர்களின் பாட்டை ஆலயத்துக்குள் விட முடியாது என்று பல போதகர்கள் கதவைச் சாத்தினார்கள்.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கில் பாடப்பட்டது, டார்சி எழுதிய அதே கீதம்!

தெருவில் பிறந்த மதம்

கிறிஸ்தவ மதம் மட்டும் ராப்பில் கலந்திருக்கவில்லை. ஹார்லத்தில் கிளாரன்ஸ் என்பவர், "நேஷன் ஆப் இஸ்லாம்" என்ற இயக்கத்தை விட்டு விலகி, 1964-ல் தனிக் கூட்டம் சேர்த்தார். "நூற்றுக்கு 85 பேர் ஏமாந்தவர்கள். 10 பேர் உண்மை தெரிந்தும் ஏமாற்றுகிறவர்கள். 5 பேர்தான் உண்மையைப் போதிப்பவர்கள்" என்பது அவருடைய போதனை. கறுப்பு மனிதனே கடவுள் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் தெருவில் திரிந்த சிறுவர்கள். 1969-ல் கிளாரன்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் போனார், அவர் கற்பித்த சொற்கள் போகவில்லை. 1987-ல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ராக்கிம் என்ற பெரும் பாடகர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். இன்று ராப் ரசிகர்கள் வழங்கும் வார்த்தைகள் பல, ஒரு சின்ன மதத்தின் பாடத்திலிருந்து வந்தவை. சொல்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது!

குற்றவாளியின் பிரார்த்தனை

இந்தக் கதையில் மனத்தை உலுக்குகிறவர் டி.எம்.எக்ஸ். இயற்பெயர் ஏர்ல் சிம்மன்ஸ். நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே அடியும் உதையும் கண்டவர். 14 வயதில், மூத்தவன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் போதை மருந்து கலந்த சுருட்டைக் கொடுத்துவிட்டான். அந்தப் பழக்கம் சாகும் வரை விடவில்லை. சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

1998-ல் முதல் இசைத்தட்டு. விற்பனையில் முதலிடம். அதில் கொலை, கொள்ளை, நாய்க் குரைப்பு, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. நடுவில் ஒரு பிரார்த்தனையும் உண்டு! தாளம் கிடையாது. ஒரு மனிதன் கடவுளிடம் மன்றாடுவது மட்டும் கேட்கும். பின்னால் வந்த இசைத்தட்டுகளிலும் இதை விடாமல் செய்தார். மேடையிலும் பாட்டை நிறுத்திவிட்டுப் பிரார்த்தனை செய்வார். குதித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் அப்படியே அடங்குவார்கள்.

இது வேஷமா? பணத்துக்காக என்றால், தாளம் இல்லாத பிரார்த்தனையால் என்ன லாபம்? திருந்திய பிறகு கடவுளிடம் போவது ஒரு வழி. திருந்த முடியாமல் தவிக்கும்போதே கூப்பிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் நின்றவர்களுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று.

2021 ஏப்ரலில், 50-வது வயதில் அவர் இறந்தார். யாங்கர்சிலிருந்து சவப்பெட்டியை ராட்சச லாரி ஒன்றில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். பின்னால் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள்!

கடவுள் பெயரால் வியாபாரமும் நடக்காமல் இல்லை. கன்யே வெஸ்ட் என்ற பாடகர் 2004-ல் ஏசுவைப் பற்றிய ராப் பாடிப் பெரும் பரிசு பெற்றார். அதே மனிதர் 2019-ல் ஈஸ்டர் அன்று கலிபோர்னியாவில் திறந்த வெளியில் ஆராதனை நடத்தினார். பக்கத்திலேயே கடை. ஒரு ஜோடி காலுறையின் விலை 50 டாலர்!

மீண்டும் ஹார்லம்

கர்டிஸ் புளோ ஹார்லத்துப் பிள்ளை. ராப் பாட்டால் முதன்முதலில் பெரும் பணம் கண்டவர்களில் ஒருவர். பிறகு அவர் மனம் மதத்தில் திரும்பியது. 2004-ல் ஹார்லத்தில் உள்ள ஓர் ஆலயத்தில் "ஹிப் ஹாப் சபை"யைத் தொடங்கினார். பாதிரியார் பட்ஸ் இசைத்தட்டை மிதித்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

அங்கே இசைத்தட்டுச் சுழன்றது. பையன்கள் ராப்பில் துதி பாடினார்கள். 2009-ல் புளோவே போதகராகவும் பட்டம் பெற்றார். பட்ஸ் 2022-ல் காலமானார்.

பட்ஸ் கேட்டது அந்தச் சபையில் நடந்தது: ராப் உண்டு, ஆபாசம் இல்லை. டி.எம்.எக்ஸின் பிரார்த்தனையை அங்கே தாராளமாகச் சொல்லலாம். அதே இசைத்தட்டில் அதற்கு முன்னால் வரும் பாட்டைச் சொல்ல முடியாது.