எடுக்கச் சொல்ல ஆயிரம் பேர், இருக்கச் சொல்ல ஆளில்லை

மழை பெய்தால் ஆம்பூர்ப் பக்கம் பாலாறு நுரைக்கும். வருஷமெல்லாம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆற்றில் தண்ணீர் வருகிற ராத்திரி பார்த்து, சில தோல் பதனிடும் டேனரிகள் தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிடுகின்றன என்பது இங்கே நெடுநாள் புகார். விடிந்து மாராப்பட்டுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு தெரியாது, நுரைதான் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். வெள்ளம் கொஞ்சம் ஏறினால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதிகாரிகளின் ஜீப் வரும்போது ஆறு பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். “எங்கேப்பா நுரை?” என்பார்கள்.

அந்தக் காலை நேரத்தில் எவன் படம் பிடித்தானோ அவன்தான் சாட்சி. எங்கள் பகுதியில் அப்படிப் பிடிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். கையில் செல்போன், சட்டையில் ஒரு மைக், சொந்தமாக ஒரு வீடியோ சேனல். நுரையை எடுத்துப் போட்டார். ஊரே பார்த்தது. சாயங்காலம் பார்த்தால் வீடியோ இல்லை. “அது என்னுடைய படம்” என்று யாரோ காப்புரிமைப் புகார் கொடுத்துவிட்டாராம். விடியற்காலையில் இவரைத் தவிர அந்தப் பாலத்தில் நின்றவை நாலு நாய்கள். புகார் கொடுத்தது யார் என்று கேட்டால் ஒரு மின்னஞ்சல் முகவரி. வீடியோ தளக் கம்பெனிக்கு எழுதினால் இயந்திரம் பதில் போடுகிறது, அதுவும் இங்கிலீஷில்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவை 2012-இல் திருத்தினார்கள், 2013-இல் விதி வகுத்தார்கள். எழுத்துமூலம் புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை முடக்க வேண்டும். புகார் கொடுத்தவர் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால், கம்பெனி மறுபடி அதைக் காட்டலாம். காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மனசிருந்தால் காட்டலாம். சினிமாப் பாட்டுக்கு 21 நாள் பெரிய விஷயமில்லை. பாலாற்று நுரைக்கு 21 நாள் என்றால் கருமாதி முடிந்து வருகிற டாக்டர் மாதிரி.

மற்ற புகார்களின் கதை இன்னும் மோசம். கோர்ட்டோ அரசாங்கமோ சொல்லியும் எடுக்காவிட்டால் கம்பெனிக்கு என்ன ஆகும்? 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, அடுத்தவர் போட்டதற்கு நீ பொறுப்பில்லை என்று கொடுத்திருக்கிற பாதுகாப்பு போய்விடும். உண்மைச் செய்தியை அநியாயமாக எடுத்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. நான் அந்தக் கம்பெனியின் வக்கீலாக இருந்தாலும் “எதுக்கு வம்பு, தூக்கிடு” என்றுதான் சொல்வேன்.

அதே சட்டத்தின் கீழ் 2021-இல் வந்த விதிகளில் ஒரே ஒரு வரி நமக்குச் சாதகமாக இருக்கிறது. 50 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிற தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், போட்டவருக்கு முன்னதாகக் காரணம் சொல்லி, மறுப்புச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். குறைதீர் அதிகாரி 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, 2026 திருத்தப்படி 7 நாளில் முடிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 2022 திருத்தப்படி மேல்முறையீட்டுக் குழு. நுரை வந்த செய்தி அன்றைக்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதில் எங்கேயும் இடமில்லை. அதைவிட, செய்தியாளர் என்று ஒரு இனம் இருப்பதாகவே அந்த வரி கண்டுகொள்ளவில்லை. கல்யாண வீடியோவும் கழிவு வீடியோவும் அதற்கு ஒன்றுதான்.

பெரிய பத்திரிகையாக இருந்தால் மட்டும் தப்பித்துவிட முடியுமா? 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனது. காரணம், பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த ஒரு கேலிச்சித்திரம். அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் சொன்னது. விஷயம் ஒரு படம், பூட்டு மொத்தக் கடைக்கும். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றது. அப்போது நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த நிறுவனம், வக்கீல் வைத்து வழக்காடிய பிறகு இந்த நிலைமை. எங்கள் தம்பி எந்த வக்கீலிடம் போவார்?

இது வெறும் வீடியோ விவகாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தினவனே செலவை ஏற்க வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது எங்கள் ஆற்றின் வழக்கு. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, ஆற்றைச் சீராக்கு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்றது. குழு வந்து ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவது? இந்த மாதிரி வீடியோவைத்தானே?

ஐரோப்பாவில் 2025 ஆகஸ்டு 8 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மிகப் பெரிய தளங்கள், ஊடகத்தின் செய்தியை விதிமீறல் என்று முடக்குமுன் காரணம் சொல்ல வேண்டும், பதில் சொல்ல 24 மணி நேரம் தர வேண்டும். பிரிட்டனும் 2023 சட்டத்தில், செய்தி நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் எடுக்காதே என்று பெரிய தளங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

ஆனால் அப்படி ஒரு சட்டம் இங்கே வந்தாலும் எங்கள் தம்பி வரைக்கும் வருமா? நீ ஊடகமா என்று முதலில் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் உண்டு. பைக்கில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு டேனரி கேட்டில் வசூலுக்கு நிற்கிறவர்களையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதனால் அடையாள அட்டை கேட்பார்கள். அட்டைக்கு ஏதாவது ஒரு பத்திரிகையின் கடிதம் வேண்டும். ஊர் நிருபர் வேலை என்றால் செய்தியோடு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். ஆம்பூரில் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் யார் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? டேனரிக்காரர்கள்தான்.