கோதாவில் கற்கும் பாடம்

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று நம் தருமபுரிப் பங்குக் குடும்பங்களில் இன்றும் கூறக் கேட்கிறோம். மற்போர் என்றாலோ முகம் சுளிப்பவரே மிகுதி.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கத்தை ஈட்டித் தந்தவர் ஒரு மற்போர் வீரரே. கே. டி. ஜாதவ் என்னும் அம் மராட்டியர் சிற்றூரில் பிறந்தவர். 1948-இல் இலண்டனில் அவருக்கு ஆறாம் இடமே கிடைத்தது. மண் கோதாவில் பழகிய கால்களுக்கு ஆங்கு விரித்திருந்த மெத்தை புதிது. நான்காண்டுகள் மீண்டும் உழைத்தார். ஹெல்சிங்கி செல்லப் பணமில்லை. அவர் பயின்ற கல்லூரியின் முதல்வர் தம் வீட்டையே அடமானம் வைத்து உதவினார். (ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக!)

2024-இல் பாரிஸில் நிகழ்ந்ததையும் அறிவீர்கள். வினேஷ் போகட் ஒரே நாளில் மூவரை வென்று இறுதிப் போட்டிக்குத் தேறினார். மறுநாட் காலை எடை 100 கிராம் கூடியிருந்தது, தகுதியிழந்தார். விதி கடுமையானதே என்பது நம் கருத்து. ஆயினும் விதி விதியே. புனித சின்னப்பரும் திமொத்தேயுவுக்கு எழுதுகையில் இதனைத் தொட்டுச் செல்கிறார்.

நம் கவலை வேறு. 53 கிலோப் பிரிவில் பொருதி வந்தவர் அவர், 50-க்கு இறங்கினார். முதிர்ந்த வீராங்கனைக்கே இத்துணைத் துன்பமெனில், வளரும் பிள்ளைக்கு? எடை குறைக்கவென்று சோறும் நீரும் மறுக்கும் பயிற்சியாளரிடம் உங்கள் மகனையோ மகளையோ விடாதீர்கள். அடுத்த எடைப்பிரிவில் சேர்த்தால் என்ன? அங்கும் போட்டி உண்டு.